மூட்டு வலிக்கு ஊசி: அமானிதமும் அவசரமும்



மனிதனின் உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்றும், ஒவ்வொரு நாளும் அவற்றுக்காகத் தர்மம் செய்யும் பொறுப்பு அவனுக்கு உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இறைவனைத் துதிப்பதும், நன்மையை ஏவுவதும், மக்கள் நடக்கும் பாதையிலிருந்து கல்லையும் முள்ளையும் அகற்றுவதும் அந்தத் தர்மத்தில் அடங்கும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை மக்தபில் பாடமாக எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் தம் விரல்களை மடக்கியும் நீட்டியும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். வலிக்காத மூட்டை எண்ணிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. நாற்பதைக் கடந்தவர்களுக்கோ எந்த மூட்டு எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலியே அறிவித்துவிடுகிறது.

நாம் வாழும் கொருக்குப்பேட்டை உடல் உழைப்பால் நிற்கும் ஊர். ஒருபுறம் ரயில்வே யார்டு, மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாய், கிழக்கே சற்றுத் தொலைவில் துறைமுகமும் காசிமேடும். சரக்கு ரயில் கடக்கும்வரை கேட்டில் காத்து நிற்கும் கூட்டத்தைக் கவனித்தாலே போதும். மூட்டை சுமப்போர், லாரி ஓட்டுவோர், பட்டறையில் சம்மட்டி பிடிப்போர், மீன் கூடை தூக்கும் பெண்கள், வீட்டிலேயே நாளெல்லாம் தையல் இயந்திரம் மிதிக்கும் நம் சகோதரிகள் என்று எல்லோரையும் அங்கே காணலாம். 50 கிலோ எடையுள்ள சிமெண்டு மூட்டையை நாள்தோறும் தோளில் ஏற்றி இறக்குபவரின் முழங்காலும் தோளும் என்ன பாடுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நமது மஹல்லாவில், "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்ற பேச்சு அன்றாடம் காதில் விழுகிறது. அந்த ஊசியில் இருப்பது என்ன, அது யாருக்கு உதவும், யாருக்குக் கேடாகும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்லர். மருத்துவரிடம் கேட்டும், படித்தும், நமது தோளிலேயே அனுபவித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. இச்சொல்லைக் கேட்டதும் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் பயன்படுத்தும் மருந்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு வகை. நமது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் என்ற சிறு சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற பொருளை நாள்தோறும் சுரக்கின்றன. வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதைப் போலவே செயல்படும்படி செய்யப்பட்ட மருந்துகளே டிரையம்சினோலோன், மெத்தில்பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் முதலியவை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுத்திருந்த 29 வயதுப் பெண்ணுக்கு இவ்வகை மருந்தை முதன்முதலில் செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1951-இல் ஜோசப் ஹாலண்டர் என்பவர் மருந்தை நேரடியாக மூட்டுக்குள்ளேயே செலுத்தும் முறையை அறிவித்தார். நோயே ஒழிந்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியதையும், தொடர்ந்து கொடுத்தால் உடல் வேறு வகையில் கெடுவதையும் மருத்துவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள்.

இனி நமது அனுபவத்திற்கு வருவோம். நமக்குச் சர்க்கரை நோய் வந்து ஆண்டுகள் ஏழு ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது தோள் மெல்ல இறுகத் தொடங்கியது. மேல் அலமாரியிலிருந்து கிதாபை எடுக்க முடியவில்லை. ஜுப்பாவின் கையை நுழைக்க மனைவியின் உதவி வேண்டியதாயிற்று. தொழுகைக்கு நின்றால் தக்பீருக்கு இடக்கை காதருகே செல்லும். வலக்கை மார்போடு நின்றுவிடும். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத் தாமும் அவ்வாறே ஒரு கையை மட்டும் உயர்த்தத் தொடங்கியபோது சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் கையைத் தாமே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அப்போதும் அது உயரவில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது என்றும், இதை உறைந்த தோள் என்பார்கள் என்றும், சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட மிகுதியாக வரும் என்றும் விளக்கினார். இது பலருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுகளில் தானாகவே பெருமளவு தளரும். ஆனால் தொடக்க மாதங்களில் வலி தாங்க முடியாதபோது மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி தணியும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்து கையை மீட்கலாம் என்றார். "ஊசி கதவைத் திறந்துவிடும் ஹஜ்ரத், நடந்து உள்ளே போக வேண்டியது நீங்கதான்" என்பது அவர் சொன்ன சொல். ஊசிக்கு முன் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். அது உயர்ந்திருந்ததால், கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஊசி என்று ஐந்து வாரங்கள் காக்க வைத்தார்.

ஊசி போட்ட அன்று மாலை தோள் வலியின்றி இருந்தது. அது ஸ்டீராய்டின் வேலை அன்று. அதனுடன் கலந்து கொடுத்த மரத்துப்போகும் மருந்தின் வேலை. மறுநாள் வலி முன்னைவிடக் கூடியது. இப்படி ஓரிரு நாட்கள் கூடுவது சிலருக்கு நேரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. நான்கு நாட்கள் காலைச் சர்க்கரை 280 வரை ஏறியது. அதற்கேற்ப மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதையும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் வலி நன்கு தணிந்தது. அதன்பின் நாள்தோறும் மூன்று வேளை பயிற்சி: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, சுவரில் விரல்களால் எறும்பு போல் ஏறுவது, துண்டை முதுகுக்குப் பின் பிடித்து இழுப்பது. ஃபஜ்ருக்குப் பின்னும், அஸருக்குப் பின்னும், இஷாவுக்குப் பின்னும் இதைச் செய்தோம். நான்காம் மாதம் வலக்கை காது மடலைத் தொட்டது. அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை.

இதே காலத்தில் நமது தெருவில் சரக்குக் கொட்டகையில் மூட்டை சுமக்கும் சகோதரர் ஒருவர் வேறு வகை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பெயர்ப் பலகை இல்லாத ஓர் அறையில், மருத்துவம் படிக்காத ஒருவர், சீட்டு எதுவும் தராமல், மாதம் ஒருமுறை இடுப்பில் போடும் ஊசி. என்ன மருந்து என்று அவருக்கும் தெரியாது. போட்ட மறுநாளே முழங்கால் வலி பறந்துவிடும். ஷஃபான் மாத இறுதியில் அவர் நம்மிடம் வந்தார். "ரமளான் வருது ஹஜ்ரத். பகல்ல மூட்டை, ராத்திரி தராவீஹ். இந்த மாசம் ரெண்டு ஊசியா போட்டுக்கலாம்னு இருக்கேன். நோன்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மார்க்கச் சட்டம். நாம் கண்டது அவருடைய முகம். ஓராண்டுக்கு முன் ஒடுங்கிய கன்னமுடையவர் நிலவு போல் உப்பியிருந்தார். முன்கையில் தோல் காகிதம் போல் மெலிந்து ஊதா நிறத் திட்டுகள். அடிக்கடி தண்ணீர் கேட்டார். மருத்துவர் நமக்குச் சொல்லியிருந்த அடையாளங்கள் அனைத்தும் எதிரே அமர்ந்திருந்தன.

நோன்பைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் நடந்த தனது 10-ஆவது அமர்வில், சிகிச்சைக்காகத் தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடப்படும் ஊசிகள் நோன்பை முறிக்கமாட்டா என்றும், ஊட்டமளிக்கும் திரவங்கள் இதில் சேரா என்றும் தீர்மானித்தது. நம் நாட்டு ஹனஃபி ஆலிம்களின் ஃபத்வாக்களிலும் மருந்து ஊசியால் நோன்பு முறியாது என்றே காண்கிறோம். எனவே, "நோன்பு முறியாது பாய்" என்று சொன்னோம். "ஆனா உங்க உடம்பு முறியுது. அதுக்கு என்ன பதில்?" என்றும் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஊசி இல்லாட்டி மூட்டை தூக்க முடியாது. மூட்டை தூக்காட்டி அன்னிக்குக் கூலி இல்ல. சஹருக்கு என்ன வைப்பா என் வீட்டுல?" என்றார். அதற்கு நம்மிடம் கிதாபில் விடை இல்லை.

அவருக்குச் சொன்ன முதல் செய்தி, ஊசியைத் திடீரென்று தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்பது. இதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பிகள் தம் வேலையை மறந்துவிடும். அந்நிலையில் மருந்தை நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். மறுநாள் காலை அவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த ரமளானில் நோன்பு நோற்க வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தார். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 185-ஆவது வசனத்தில் தந்திருக்கிறான் என்பதை நாம் நினைவூட்டியபோது அவர் குழந்தை போல் அழுதார்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! ஒரே பெயருடைய மருந்து ஒருவருக்குக் கையை மீட்டுத் தந்தது. மற்றொருவரைப் படுக்கையின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. மருந்து நோய்க்குப் பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டப்படி குணம் கிடைக்கும் என்பது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. பொருந்த வேண்டும் என்ற அந்தச் சொல்லில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது! எந்த நோய், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை முறை, எவர் கையால் என்ற கேள்விகள் அனைத்தும் அதில் உள்ளன.

மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியின் பயன் பெரும்பாலும் சில வாரங்களுக்கு உரியது. ஆஸ்திரேலியாவில் முழங்கை வெளிப்புற வலியுடைய 165 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் வலி திரும்பியோர் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காடு. வெற்று ஊசி போட்டவர்களில் 12 விழுக்காடுதான். முழங்கால் தேய்மானமுடைய 140 பேருக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை இரண்டாண்டுகள் டிரையம்சினோலோனோ உப்புநீரோ செலுத்திய அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. 2020-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் முழங்கால் தேய்மானமுடைய 156 பேரில் பாதிப் பேருக்கு ஊசியும், பாதிப் பேருக்கு இயன்முறைப் பயிற்சியும் அளித்தார்கள். ஓராண்டின் முடிவில் பயிற்சி செய்தவர்களே நலமாக இருந்தார்கள். இதனால் ஊசியே கூடாது என்று ஆகிவிடாது. உறைந்த தோள், மடங்கிப் பூட்டிக்கொள்ளும் விரல், கட்டைவிரல் அடியில் வரும் தசைநாண் வீக்கம், திடீரென வீங்கும் மூட்டு ஆகியவற்றில் மருத்துவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பயன் உண்டு, எல்லையும் உண்டு.

அந்த எல்லைகளைக் குடும்பத்தில் யாரேனும் ஒருவராவது அறிந்திருப்பது நல்லது. ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும் என்பது பொதுவான வழக்கம். தசைநாணுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தக் கூடாது. அது நலிந்து அறுந்துபோகக்கூடும். குதிகாலுக்கு மேலுள்ள பெரிய தசைநாண் நம் உடல் எடை முழுவதையும் தாங்குவதால் அவ்விடத்தில் மருத்துவர்கள் மிகவும் தயங்குவார்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், சிறு பள்ளம் விழலாம். காய்ச்சல் வந்து மூட்டு சிவந்து சூடேறி வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் உடையோர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர், மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தோர் ஆகியோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில், 2021-இல், கருப்புப் பூஞ்சை நோயால் கண்களை இழந்தோரை நாம் மறந்திருக்கமாட்டோம். கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை அந்நாட்கள் காட்டிச் சென்றன.

மருத்துவம் கற்றதாக அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. நமது உச்ச நீதிமன்றமும் 1996-இல், ஒரு மருத்துவ முறையைக் கல்லாமல் அம்முறையில் சிகிச்சை செய்வோர் போலி மருத்துவரே என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஊசி போடுமுன், "இது என்ன மருந்து? சீட்டில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். எழுதித் தர மறுப்பவரிடம் கையை நீட்ட வேண்டாம். சேர்மானம் அச்சிடாத மூட்டுவலிப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

வட சென்னையில் வாழும் நமக்கு நல்ல வாய்ப்புகளும் உண்டு. ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் கை நசுங்கியவர்களை மீட்டெடுத்த அதன் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வீட்டை விட்டு வெளியேறத் தயங்கும் நம் தாய்மார்களுக்கு இது பேருதவி.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று தொழு, இயலாவிடில் அமர்ந்து தொழு, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துத் தொழு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. நாற்காலியில் தொழும் முதியவரைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அந்த ஏளனத்துக்கு அஞ்சி ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் நம் மஸ்ஜிதிலேயே இருக்கிறார்கள். தராவீஹ் ஸுன்னத்தான தொழுகை. உடலை அழிவில் தள்ளாதிருப்பது கட்டளை.

இனி அந்தச் சகோதரர் கேட்ட கேள்வி. ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது என்பவரிடம் ஓய்வெடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவது எவ்வகை நஸீஹத்? அவருடைய மூட்டு தேறுவதற்குத் தேவைப்பட்டது இரண்டு மாத அவகாசம். மக்தபுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கூடிப் பேசி, அவருடைய பெயர் வெளியே தெரியாதபடி அரிசியும் வாடகையும் பார்த்துக்கொண்டார்கள். ஜமாஅத்தார் ஜகாத் நிதியிலிருந்து இனி இப்படிப்பட்ட நோயாளிக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவது குறித்து ஆலோசித்து வருகிறார்கள். அவர் இப்போது மூட்டை சுமப்பதில்லை. அதே கொட்டகையில் சரக்குக் கணக்கு எழுதுகிறார். கூலி முன்னைவிடக் குறைவு. முகத்தின் உப்பல் வடிந்துவிட்டது. முழங்கால் வலி முற்றிலும் போகவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். விடுபட்ட நோன்புகளில் பதினொன்றை மருத்துவரின் அனுமதியோடு குளிர்காலத்தில் நோற்றுவிட்டதாகச் சொன்னார்.

நம் மஹல்லாவில் இன்னும் பலர் அந்தப் பெயர்ப் பலகையற்ற அறையின் வாசலில் நிற்கிறார்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், மாதம்தோறும் ஊசி போட்டுக்கொள்பவர் யாரேனும் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அன்றைய கூலியை யார் ஈடுசெய்வது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

யா அல்லாஹ்! உழைத்துத் தேய்ந்த எங்கள் மூட்டுகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! நோயாளிகளின் சுமையில் பங்கெடுக்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் உடலை உன் அமானிதமாகப் பேணி, உன் முன் நிற்கவும் குனியவும் பணியவும் அருள்புரிவாயாக! ஆமீன்.